பம்பாயின் வான்வாயில் திறந்த செம்மல்

பழந்தமிழ் நகரங்களுக்குக் கோட்டை வாயில்களும் கடல்துறைகளும் இருந்தன. வருவோரை முதலில் வரவேற்பவையும், செல்வோரை இறுதியாக வழியனுப்புபவையும் அவையே. இக்காலப் பெருநகரங்களில் அப்பணியை விமான நிலையங்கள் செய்கின்றன. நாம் குடியேறி வாழும் இம்மாநகரின் வான்வாயில், சாந்தாகுருஸுக்கும் சஹாருக்கும் இடையே பரந்து கிடக்கின்றது. ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்து வரவும், கடல் கடந்து செல்லும் மக்களை வழியனுப்பவும் நம் காலனிக் குடும்பங்கள் அங்குச் சென்று காத்து நிற்பது வழக்கம். அவ்வாயில் எவ்வாறு திறந்தது, திறந்தவர் யார் என்பதை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் எழுதி வைப்பது பொருத்தம் என்று கருதுகின்றோம்.

விமான நிலையம் எதுவும் ஒருவர் உழைப்பால் மட்டும் எழுவதில்லை. பொறியாளர், தொழிலாளர், அரசு அலுவலர் எனப் பல்லாயிரவர் கைபட்டு வளர்வது அது. ஆயினும் பம்பாய் நிலையத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து நோக்கினால், சேற்று நிலத்தில் சிறு விமானம் ஒன்று வந்திறங்கிய நாள் முதலாக ஒருவருடைய பெயர் விடாது தொடர்ந்து வருவதைக் காணலாம். அவர்தாம் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. ஜே. ஆர். டி. என்று நாடு அன்போடு அழைத்த பெருமகனார். நிலையத்தின் முகப்பில் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை. அதன் நிலமும் கட்டடமும் அவருடைய உடைமையாக இருந்ததில்லை. அவர் இந்நகரில் பிறந்தவரும் அல்லர். இருந்தும், அவர் வாழ்வை அறியாதார் இவ்வாயிலின் வரலாற்றை முழுமையாக அறிந்தவர் ஆகார்.

(பம்பாய் என்னும் பெயர் 1995ஆம் ஆண்டில் மும்பை என மாறிற்று. பழைய நிகழ்ச்சிகளைச் சொல்லுமிடத்துப் பழைய பெயரையே ஈண்டு வழங்குகின்றோம்.)

பிறப்பும் இளமையும்

ஜே. ஆர். டி. 1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸில் பிறந்தார். தந்தையார் ரத்தன்ஜி தாதாபாய் டாடா, தொழில் மேதை ஜம்ஷெட்ஜி டாடாவின் உறவினர். அவரோடு தொழிலிலும் பங்கு கொண்டவர். தாயார் சூசன் பிரெஞ்சுப் பெண்மணி. ஐந்து குழந்தைகளுள் ஜே. ஆர். டி. இரண்டாமவர். அவர் மழலையில் முதலில் பேசிய மொழி பிரெஞ்சு. இந்தியா, பிரான்சு, இங்கிலாந்து என்று நாடு மாறி நாடு சென்று கற்றமையால், எந்த ஊரைத் தம் ஊர் என்று கொள்வது என்பதே அவ்விளைஞருக்கு ஒரு வினாவாக இருந்திருத்தல் கூடும்.

பிரான்சின் வடகடற்கரையில் ஹார்தெலோ என்னும் சிற்றூரில் அக்குடும்பத்திற்கு ஓர் இல்லம் இருந்தது. கோடை விடுமுறையை அவர்கள் அங்கே கழிப்பார்கள். 1909ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்து உலகை வியப்பில் ஆழ்த்திய லூயி பிளேரியோவின் வீடும் அவ்வூரிலேயே இருந்தது. அக்கடற்கரை மணலில் விமானங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் சிறுவர் ஜஹாங்கீர் கண்கொட்டாமல் பார்த்து நிற்பார். பதினைந்தாம் வயதில் விமானமொன்றில் ஏறிச் சிறிது நேரம் பறக்கும் வாய்ப்பும் கிட்டியது. அன்று உள்ளத்தில் விழுந்த விதை பின்னர் ஒரு நாட்டுக்கே நிழல் தரும் மரமாயிற்று.

1923ஆம் ஆண்டு தாயார் காசநோயால் மறைந்தார். மகன் பிரெஞ்சுப் படையில் ஓராண்டு பணியாற்றினார். பிறகு கேம்பிரிட்ஜில் பொறியியல் பயில விரும்பினார். ஆனால் தந்தையார் அவரைப் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். 1925ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்தொரு வயது இளைஞராக, ஊதியமில்லாத பயிற்சியாளராக டாடா நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தையாரும் காலமானார். தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பும், பழகாத ஊரும், முற்றிலும் கல்லாத தொழிலும் ஒருங்கே அவர் தோள்மேல் ஏறின. புதிய ஊருக்கு வந்து வாழ்வைத் தொடங்குவதன் அருமை என்ன என்பதை நம் குடும்பங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1929ஆம் ஆண்டு அவர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்தார். இந்தியாவே இனித் தம் நாடு என்று தெளிந்து மேற்கொண்ட முடிவு அது.

முதலாம் எண் உரிமம்

அக்காலத்தில் பம்பாயின் வான்தளம் ஜூஹுவில் இருந்தது. 1928ஆம் ஆண்டில் தோன்றிய அத்தளம் கடலோரத்துச் சேற்று நிலமே அன்றி வேறன்று. பம்பாய்ப் பறத்தற் கழகத்தில் ஜே. ஆர். டி. ஆவலோடு சேர்ந்து பயின்றார். 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றார். இந்தியாவில் வழங்கப்பெற்ற உரிமங்களுள் அதன் எண் 1. வாழ்நாள் முழுதும் அச்சிறு அட்டையைப் பெருஞ்செல்வமாகப் போற்றினார்.

1930ஆம் ஆண்டு, ஆகாகான் அறிவித்திருந்த ஒரு பரிசுக்கான போட்டி நடந்தது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தன்னந்தனியாக முதலில் பறந்து முடிக்கும் இந்தியருக்கு அப்பரிசு. ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே புறப்பட்டார். இருவரும் எகிப்திலுள்ள அபூகிர் என்னும் இடத்தில் சந்திக்க நேர்ந்தது. ஆஸ்பியின் விமானத்திற்கு ஸ்பார்க் பிளக் இல்லாமையால் அவர் மேலே செல்ல வழியின்றித் தவித்துக்கொண்டிருந்தார். போட்டியில் எதிரே நிற்பவர் என்று பாராமல், ஜே. ஆர். டி. தம்மிடம் உபரியாக இருந்தவற்றை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி முந்திச் சென்று பரிசை வென்றார். பரிசு கைவிட்டுப் போயிற்று; ஆனால் ஒரு நட்பு நிலைத்தது. அந்த ஆஸ்பி எஞ்சினியரே பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஜே. ஆர். டி. தெல்மா விகாஜி என்னும் நங்கையை மணந்ததும் அதே 1930ஆம் ஆண்டிலேயாம்.

கராச்சி முதல் சென்னை வரை

அந்நாளில் இங்கிலாந்திலிருந்து வரும் விமானத் தபால் கராச்சியோடு நின்றுவிடும். அங்கிருந்து பம்பாய்க்கும் தென்னாட்டுக்கும் ரயிலிலேதான் வந்து சேரவேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றிய நெவில் வின்சென்ட் என்பவர் இக்குறையைக் கண்டார். கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வரை தபால் விமானம் விடும் திட்டத்தோடு டாடா நிறுவனத்தை அணுகினார். தலைவராக இருந்த சர் தோராப்ஜி டாடாவுக்கு இதில் விருப்பம் குறைவு. ஜே. ஆர். டி.யின் வழிகாட்டியாக விளங்கிய ஜான் பீட்டர்சன் அவருக்கு எடுத்துரைத்து இசைவு பெற்றார். முதலீடு 2 லட்சம் ரூபாய் மட்டுமே. அரசின் உதவித்தொகை கிடைக்கவில்லை. பேச்சு வார்த்தைகள் மூன்றாண்டுகள் நீண்டன.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அதிகாலை. கராச்சியின் டிரிக் ரோடு தளத்திலிருந்து பஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில், தபால் பைகளோடு ஜே. ஆர். டி. தனியே கிளம்பினார். வழிகாட்டும் கருவிகள் இல்லை. வானொலித் தொடர்பும் இல்லை. கீழே தெரியும் நிலமும் கரையும் நோக்கியே வழியறிய வேண்டும். அகமதாபாத்தில் இறங்கியபோது, பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. எரிபொருள் நிரப்பிக்கொண்டு மீண்டும் எழுந்து, பிற்பகலில் ஜூஹுவின் மண்ணில் இறங்கினார். அங்கிருந்து தபாலை ஏற்றுக்கொண்ட வின்சென்ட், பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னை சேர்ந்தார்.

இந்தியாவின் விமானப் போக்குவரத்து இவ்வாறு தொடங்கிற்று. அதன் ஒரு முனை கராச்சி, மறு முனை நம் சென்னை, நடுவே பம்பாய். ஊரிலிருந்து வரும் கடிதத்தை எதிர்நோக்கி நாட்களை எண்ணிய தலைமுறையினருக்கு இதன் மதிப்பு விளங்கும். பம்பாயில் வாழ்ந்த தமிழரையும் பிறந்த மண்ணையும் வானம் முதன்முதலாக இணைத்த நாட்கள் அவை.

தொடங்கிய போது அவர்களிடம் இருந்தவை இரண்டு விமானங்கள், மூன்று விமானிகள், மூன்று பொறிவினைஞர்கள். மழைக்காலம் வந்தால் ஜூஹுத் தளம் நீரில் மூழ்கும். அப்போது அச்சிறு படை முழுவதும் மூட்டை முடிச்சோடு புனேவுக்கு இடம் பெயரும். மழை ஓய்ந்தபின் திரும்பும். இவ்வளவு இடர்களுக்கிடையிலும் தபால் தவறியதில்லை. முதல் முழு ஆண்டில் அவ்விமானங்கள் பறந்த தொலைவு 1,60,000 மைல். ஏற்றிச் சென்ற பயணிகள் 155 பேர். தபால் ஏறத்தாழ 10 டன். வந்த ஆதாயம் 60,000 ரூபாய். காலந்தவறாமையில் மற்றவர்க்கு எடுத்துக்காட்டு என அரசின் விமானத்துறையே பாராட்டிற்று.

ஜூஹுவிலிருந்து சாந்தாகுருஸுக்கு

1938ஆம் ஆண்டு, முப்பத்து நான்காம் வயதில், ஜே. ஆர். டி. டாடா குழுமத்தின் தலைவரானார். உருக்காலை, மின்னாற்றல், நெசவு எனப் பல தொழில்கள் அவர் பொறுப்பில் வந்தன. 1941இல் திறந்த டாடா நினைவு மருத்துவமனையும், 1945இல் தோன்றிய டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும் அவர் காலத்து அறச்செயல்கள். அம்மருத்துவமனையால் உயிர் பிழைத்தோர் தமிழ்நாட்டிலும் உளர். இவ்வளவு பணிகளிடையிலும் அவர் உள்ளம் விமானத்தையே நாடிற்று. 1942இல், போர்க்காலத்தில், தோழர் வின்சென்ட் சென்ற விமானம் பிரெஞ்சுக் கரையருகே வீழ்த்தப்பட்டு அவர் மாண்டார். ஜே. ஆர். டி.க்கு அது ஆறாத் துயரம்.

போர் முடிந்ததும் விமானங்கள் பெரியனவாயின. ஜூஹுவின் குறுகிய ஓடுபாதையும் மழைநீரும் அவற்றிற்குப் பொருந்தவில்லை. சில மைல் தொலைவில், சாந்தாகுருஸில், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய பெரிய தளம் இருந்தது. அது பொதுமக்கள் பயணத்திற்கு மாறியது. படையினர் விட்டுச் சென்ற கொட்டகைகளே முதலில் பயணிகள் நிலையமாக உதவின. இரு தளங்களும் அண்மையில் இருந்தமையால் குழப்பமும் நேர்ந்தது. 1953ஆம் ஆண்டு ஜூலையில் ஓர் ஆங்கில நிறுவனத்தின் காமெட் ஜெட் விமானம் சாந்தாகுருஸ் என்றெண்ணி ஜூஹுவில் இறங்கிவிட்டது. நல்வினையால் உயிர்ச்சேதம் இல்லை. சில நாட்களுக்குப் பின்னரே அதனை அக்குறும்பாதையிலிருந்து மெல்ல எழுப்பிக் கொண்டு சென்றனர்.

1946ஆம் ஆண்டு டாடா விமானப் பிரிவு, ஏர் இந்தியா என்னும் பொதுப் பங்கு நிறுவனமாயிற்று. நாடு விடுதலை பெற்றதும், அயல்நாடுகளுக்கு இந்தியக் கொடி தாங்கிய விமானம் செல்லவேண்டும் என்று ஜே. ஆர். டி. அரசுக்குத் திட்டம் அளித்தார். அரசு 49 விழுக்காட்டுப் பங்கு கொள்ள, ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பிறந்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், மலபார் இளவரசி எனப் பெயர் பூண்ட கான்ஸ்டலேஷன் விமானம், 35 பயணிகளோடு பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் நோக்கிப் புறப்பட்டது. அவ்விமானத்தில் ஜே. ஆர். டி.யும் பயணம் செய்தார். கராச்சித் தபாலுக்காகக் காத்திருந்த பம்பாய், அன்று முதல் உலகோடு நேரே கைகோத்துக் கொண்டது. பம்பாய் நிலையம் உலக நிலையமாக உயர்ந்த வரலாறு அந்நாளில் தொடங்குகிறது எனலாம்.

உடைமை போயினும் கடமை போகவில்லை

1953ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் விமான நிறுவனங்கள் யாவும் நாட்டுடைமை ஆயின. தாம் வளர்த்த குழந்தை தம் கையினின்றும் நீங்குவது ஜே. ஆர். டி.யை வருத்தியது. அம்முடிவு எடுக்கப்பட்ட முறையை அவர் ஏற்கவில்லை; அதனை மறைக்கவும் இல்லை. ஆயினும் அயல்நாட்டு விமானப் பிரிவுக்குத் தலைமை தாங்குமாறு அரசு வேண்டியபோது மறுக்காமல் ஏற்றார். அப்பொறுப்புக்காக அவர் ஊதியம் பெறவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், தமக்குரிமையற்ற நிறுவனத்தைத் தம் இல்லம் போலப் பேணினார்.

அவர் பேணிய விதம் நாம் அறியத்தக்கது. பயணம் செய்யும்போதெல்லாம் இருக்கையின் சாய்வு, திரைச்சீலையின் நிறம், காப்பியின் சுவை, கழிவறையின் தூய்மை ஆகிய அனைத்தையும் நோக்கிக் குறித்துக்கொள்வார். இறங்கியதும் குறைகளைக் குறிப்பாக எழுதி அலுவலர்க்கு அனுப்புவார். விமான நிலையத்துக் கவுன்டர் ஒன்றில் தூசி படிந்திருக்கக் கண்டு, தாமே துணி வாங்கித் துடைத்தார் என்றும் கூறுவர். ஏர் இந்தியா வரும் நேரத்தைக் கொண்டு ஜெனீவா மக்கள் கடிகாரத்தைத் திருத்தினர் என்று ஒரு பேச்சும் வழங்கி வந்தது.

நிலையமும் உடன் வளர்ந்தது. 1958இல் சாந்தாகுருஸில் புதிய நிலையக் கட்டடம் எழுந்தது. 1960இல் போயிங் 707 ஜெட் விமானங்கள் வந்தன. அவ்வாண்டே பம்பாயிலிருந்து நியூயார்க் வரை சேவை நீண்டது. 1971இல் மாடிவீடு போன்ற போயிங் 747 வந்திறங்கிற்று. விமானம் பெருக்கும் வேகத்திற்கு நிலையம் ஈடுகொடுக்க இயலாமல் திணறியது. பயணிகள் நெருக்கியடித்துச் சுங்கச் சோதனைக்கு நின்றனர். இந்நிலையை ஆராய அறுபதுகளின் பிற்பகுதியில் அரசு அமைத்த குழுவுக்கு ஜே. ஆர். டி.யே தலைவரானார். பன்னாட்டு நிலையங்களை அரசுத் துறையின் ஒரு பிரிவாக நடத்தாமல், தனிப் பொறுப்புடைய ஓர் ஆணையத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அதன் பயனாக 1972இல் பன்னாட்டு விமான நிலைய ஆணையம் செயற்படத் தொடங்கிற்று. பம்பாய், டெல்லி, கல்கத்தாவோடு நம் சென்னை மீனம்பாக்கமும் அதன் பொறுப்பில் வந்தது. சஹாரில் புதிய பன்னாட்டு நிலையம் 1981இல் எழுந்தது இவ்வாணையத்தின் காலத்திலேயாம்.

சோதனையும் இறுதியும்

1978ஆம் ஆண்டின் முதல் நாளே துயர நாளாயிற்று. சாந்தாகுருஸிலிருந்து எழுந்த அசோகச் சக்கரவர்த்தி என்னும் 747 விமானம், சில நிமிடங்களில் பாந்திரா கடலில் வீழ்ந்தது. 213 உயிர்கள் மாய்ந்தன. அத்துயர் ஆறுமுன், மறுமாதமே, மொரார்ஜி தேசாய் அரசு ஜே. ஆர். டி.யைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. நீக்கப்பட்ட செய்தி, அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்க அமர்த்தப்பெற்ற பி. சி. லால் வாயிலாகவே அவர் செவிக்கு எட்டியது. நிர்வாக இயக்குநராக இருந்த கே. ஜி. அப்புசாமி, துணைவரோடு விலகல் கடிதம் கொடுத்துத் தம் வருத்தத்தை வெளியிட்டார். ஊழியர் பலர் கலங்கினர். ஜே. ஆர். டி. புண்பட்டார்; ஆனால் பகை பாராட்டவில்லை. 1980இல் அடுத்த அரசு இயக்குநர் குழுவில் ஓர் உறுப்பினராக மட்டும் அழைத்தபோது, தலைவராக இருந்த இடத்தில் உறுப்பினராக அமர்வதை இழிவென்று கருதாது ஏற்றார்.

1982ஆம் ஆண்டு அக்டோபர் 15. முதல் தபால் விமானம் பறந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. எழுபத்தெட்டு வயது முதியவரான ஜே. ஆர். டி., பழைய லெப்பர்ட் மாத் விமானத்தில் தனியே கராச்சியிலிருந்து புறப்பட்டு, அதே வழியில் ஜூஹுவில் வந்திறங்கினார். இளைய தலைமுறை ஊக்கம் இழந்துவருவதாக அவருக்கு ஒரு கவலை இருந்தது. அதனைப் போக்கவே அம்முதுமையில் அவ்வாறு பறந்தார். 1992இல் நாடு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் மறைந்தார். பிறந்த பாரிஸ் நகரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

அவருக்குப் பின்னும் வாயில் வளர்ந்துகொண்டே வந்தது. 1999இல் நிலையம் சத்ரபதி சிவாஜியின் பெயர் பெற்றது. 2014இல் சஹாரில் பழைய நிலையம் இருந்த இடத்தில் புதிய இரண்டாம் முனையம் திறந்தது. இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால், ஒரு நேரத்தில் ஒன்றையே பயன்படுத்த இயலும். அந்நெருக்கடியிலும் 2018இல் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ஏறியிறங்கின. சுற்றிலும் வீடுகள் சூழ்ந்தமையால் நிலையம் விரிய இடமில்லை. ஆகவே 2025இல் நவி மும்பையில் இரண்டாம் நிலையம் திறந்துவைக்கப்பெற்றது. 2022இல் ஏர் இந்தியாவும் டாடா குழுமத்திடமே திரும்பிற்று. அதனைக் காண ஜே. ஆர். டி. இல்லை.

இவ்வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஓர் ஊர் யாருடையது என்னும் கேள்வி, பிறவூரில் வாழும் நமக்கு அவ்வப்போது எழுவது இயல்பு. பாரிஸில் பிறந்து, பிரெஞ்சு பேசி வளர்ந்து, இருபத்தொரு வயதில் இங்கு வந்தவர் ஒருவர், இந்நகரத்தின் வான்வாயிலையே திறந்து வைத்தார். அவர் உரிமை கொண்டாடவில்லை, உழைத்தார். உடைமை பறிபோன பின்னும் உழைத்தார். பதவி பறிபோன பின்னும் அழைத்தபோது வந்து உழைத்தார். உழைப்பால் வரும் உறவைப் பறிக்க எவராலும் இயலாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அடுத்த முறை நிலையத்தில் காத்து நிற்கும்போது, நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றை எடுத்துக் கூறுவோமாக. நாம் வந்து சேர்ந்த இம்மாநகருக்கு நம் கையால் ஆகும் நற்பணி ஒன்றையேனும் செய்து, அச்செம்மலுக்கு நன்றி செலுத்துவோமாக.